பொது நடைவழியின் தன்னார்வ நிர்வாகக் குழுவை நடத்தும் முறை

பொதுமக்கள் நடக்கவும் ஓடவும் சைக்கிள் ஓட்டவும் திறந்துவிடப்பட்டிருக்கும் நடைவழிகளில் பல, அரசுத் துறைகளின் கையில் மட்டும் இருப்பவை அல்ல. புதர் வெட்டுவது, திசைக்குறி தீட்டுவது, மழைக்காலத்துக்கு முன் வடிகால் தூர்வாருவது, விழுந்த மரத்தை அறுத்து அப்புறப்படுத்துவது ஆகிய வேலைகளைச் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள் செய்கிறார்கள். அவர்களிலிருந்து ஏழெட்டுப் பேர் நிர்வாகக் குழுவாக அமர்ந்து பாதையின் சார்பில் முடிவெடுக்கிறார்கள். அப்படிப்பட்ட ஒரு குழுவில் சில ஆண்டுகள் செயலராக இருந்தபோது நான் திரும்பத் திரும்பக் கண்டது ஒன்று உண்டு. மண்வெட்டியோடு பாதைக்கு வரச் சொன்னால் விடியுமுன் வந்து நிற்பவர்கள், வரவு செலவுக் கணக்கைப் படித்துப் பார்க்கச் சொன்னால் கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கிவிடுவார்கள். அதனால் பாதையில் வேலை நடந்தது. குழுவுக்கு உரிய வேலை நடக்காமல் கிடந்தது.

பாதை எந்த உரிமையின் பேரில் அந்த நிலத்தில் ஓடுகிறது, அதைப் பேணும் பணம் எங்கிருந்து வந்து எப்படிச் செலவாகிறது, எந்த முடிவை யார் எப்போது எடுத்தார்கள் என்ற மூன்றையும், இன்றைய உறுப்பினர்கள் அனைவரும் விலகிய பிறகும் புதிதாக வரும் ஒருவர் எடுத்துப் படித்து நடத்தக்கூடிய நிலையில் வைத்திருப்பதே குழுவுக்கு உரிய வேலை. புதர் வெட்ட வேறு ஆள் கிடைக்கும். இந்த மூன்றைச் செய்யக் குழுவை விட்டால் வேறு எவரும் இல்லை.

நிலத்தின் உரிமை

குழு தன் முதல் கூட்டத்திலேயே கேட்க வேண்டிய கேள்வி, பாதை ஓடும் நிலம் யாருடையது, அங்கே மக்கள் நடக்க எந்த ஆவணம் இடம் தருகிறது என்பதாகும். சற்று நீளமான பாதை எதுவும் ஒரே உரிமையாளரின் நிலத்துக்குள் முடிந்துவிடுவதில்லை. ஒரு துண்டு வனத்துறையினுடையதாகவும், அடுத்தது நகராட்சியினுடையதாகவும், வேறொன்று ரயில் ஓடாமல் கைவிடப்பட்ட தடமாகவும், மீதி தனியார் நிலமாகவும் இருக்கும். ஒவ்வொரு துண்டிலும் நமக்குள்ள உரிமையின் வலுவும் வேறுபடும். அமைப்பின் பெயரில் கிரயம் பெற்ற நிலம் மிக உறுதியானது. பத்திரத்தில் எழுதிப் பதிவு செய்த வழிப் பாத்தியதை, அதாவது பிறர் நிலத்தின் வழியே செல்லும் உரிமை, நிலம் கைமாறினாலும் தொடர்ந்து வரும். குத்தகைக்குக் கெடு உண்டு. அனுமதிக் கடிதத்தைக் கொடுத்தவர் நினைத்த நாளில் திரும்பப் பெறலாம். எல்லாவற்றுக்கும் கடைசியில் நிற்பது, ‘தாராளமாக நடந்துகொள்ளுங்கள்’ என்று முன்பு எப்போதோ யாரோ சொன்ன வாய்வார்த்தை.

அந்த வாய்வார்த்தையை நம்பித்தான் பெரிய பாதைகளும் தொடங்கின. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 1967இல் திறக்கப்பட்ட புரூஸ் நடைவழியின் முதன்மைத் தடம் இன்று சுமார் 900 கிலோமீட்டர் நீளமுடையது. தொடக்க காலத்தில் அதன் பெரும்பகுதி நில உரிமையாளர்களோடு செய்துகொண்ட எழுதப்படாத உடன்பாடுகளை நம்பியே ஓடியது. பண்ணை விற்கப்பட்டாலோ, நடப்பவர்களின் நடத்தையால் உரிமையாளரின் மனம் கசந்தாலோ, அந்தத் துண்டு மூடப்பட்டுப் பாதை அருகிலுள்ள சாலைக்குத் தள்ளப்படும். நடைவழிச் சங்கமாகத் தொடங்கிய அமைப்பு, காலப்போக்கில் பாதையோர நிலங்களை வாங்கியும் நிரந்தர உரிமைகளை எழுதி வாங்கியும் காக்கும் நிலக் காப்பு அமைப்பாகவும் மாற நேர்ந்ததற்கு இதுவே காரணம்.

ஆவணம் கையில் இருந்தாலும் அதில் என்ன எழுதியிருக்கிறது என்பதைப் படித்தாக வேண்டும். அமெரிக்காவில், பயன்பாட்டில் இல்லாத ரயில் தடங்களைப் பிற்காலத் தேவைக்காகக் காத்து, இடைக்காலத்தில் நடைவழியாகப் பயன்படுத்த 1983ஆம் ஆண்டின் சட்டத் திருத்தம் வழிசெய்தது. அதன் பயனாகப் பல தடங்கள் பொதுப் பாதைகளாயின. ஆனால் வயோமிங் மாநிலத்தில் கைவிடப்பட்ட ஒரு தடத்தைப் பற்றிய வழக்கில், 1875ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் ரயில் நிறுவனத்துக்குக் கிடைத்தது நிலத்தின் சொத்துரிமை அன்று, அதன் மேல் செல்லும் பாத்தியதை மட்டுமே என்றும், ரயில் கைவிடப்பட்டதும் அந்தப் பாத்தியதை அற்றுப்போய் நிலம் முழுமையாக உரிமையாளரைச் சேரும் என்றும் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2014இல் 8க்கு 1 என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது. ஆவணத்தின் ஒரு சொல்லுக்கு என்ன பொருள் என்பதில் நூறாண்டுக்குப் பிறகும் ஒரு பாதையின் தலைவிதி தொங்கக்கூடும்.

ஆகவே நிலப் பதிவேடு ஒன்றைத் தொடங்குங்கள். பாதையின் ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, அது எந்தக் கிலோமீட்டரில் தொடங்கி எங்கே முடிகிறது, இன்றைய உரிமையாளர் யார், நமக்குள்ள உரிமை எந்த வகை, ஆவணத்தின் தேதி என்ன, கெடு எப்போது, அசல் எங்கே இருக்கிறது, உரிமையாளரைக் கடைசியாக எப்போது பார்த்துப் பேசினோம் என்பவற்றை எழுதுங்கள். ஆண்டுக்கு ஒரு கூட்டத்தில் இந்தப் பதிவேட்டை மட்டுமே எடுத்துவைத்துப் பக்கம் பக்கமாகப் பார்க்க வேண்டும். தனியார் உரிமையாளர்களை ஆண்டுக்கு ஒருமுறையாவது, நமக்கு அவரிடம் கேட்க எதுவும் இல்லாத நேரத்தில், நேரில் சென்று காண்பது நல்லது. வேலி சரியாக இருக்கிறதா, நடப்பவர்களால் தொந்தரவு உண்டா என்று விசாரித்துவிட்டு வந்தாலே போதும். அப்படிச் செல்லும்போது அனுபவமுள்ள ஒருவரும் புதிய உறுப்பினர் ஒருவருமாக இருவர் செல்ல வேண்டும். ஒருவரே சென்று பழகினால், அவர் விலகும் நாளில் அந்த உறவும் அவரோடு போய்விடும்.

நிலம் அரசினுடையதாக இருந்தால், துறையோடு எழுத்தில் ஒப்பந்தம் தேவை. பாலத்தை யார் கட்டுவது, யார் பழுதுபார்ப்பது, ஆபத்துக் காலத்தில் பாதையை மூடும் அதிகாரம் யாருக்கு, தன்னார்வலர் காயமுற்றால் பொறுப்பு யாருக்கு என்ற நான்கும் அதில் இல்லையென்றால் மற்ற பத்திகள் எவ்வளவு அழகாக இருந்தாலும் பயனில்லை. அமெரிக்காவின் அப்பலாச்சியன் நடைவழி 14 மாநிலங்களின் ஊடாகச் சுமார் 3,500 கிலோமீட்டர் செல்கிறது. அதற்காக அரசு வாங்கிய நிலங்களைப் பேணும் பொறுப்பை, அந்நாட்டின் தேசியப் பூங்காத் துறை 1984இல் ஒப்பந்தம் எழுதித் தன்னார்வ அமைப்பிடம் ஒப்படைத்தது. அவ்வளவு பெரிய பாதையையே நம்பி ஒப்படைக்க முடிந்ததற்கு, எல்லைகள் எழுத்தில் இருந்தது ஒரு காரணம்; அறுபது ஆண்டுகளாக அந்தப் பாதையின் தன்னார்வச் சங்கங்கள் வேலை செய்துகாட்டியிருந்தது மற்றொரு காரணம்.

குழுவின் அமைப்பு

ஏழு முதல் பதினொருவர் வரை உள்ள குழு நடத்துவதற்கு எளிது. நாம் கணக்குக்கு ஒன்பது பேர் என்று கொள்வோம். ஒவ்வொருவருக்கும் மூன்றாண்டுப் பதவிக்காலம் வைத்து, ஆண்டுதோறும் மூவர் மட்டும் விலகும்படி அமைத்தால், எந்த ஆண்டிலும் ஆறு பேர் பழையவர்களாகவும் மூவர் புதியவர்களாகவும் இருப்பார்கள். தொடக்கத்தில் மட்டும் மூவருக்கு ஓராண்டு, மூவருக்கு ஈராண்டு, மூவருக்கு மூன்றாண்டு என்று சீட்டுக் குலுக்கிப் பிரித்துக்கொள்ள வேண்டும். தொடர்ந்து இரண்டு முறைக்கு மேல் ஒருவர் பதவி வகிக்கக் கூடாது என்பதையும், ஓராண்டு இடைவெளிக்குப் பின் மீண்டும் வரலாம் என்பதையும் அமைப்பை நடத்தும் விதித் தொகுப்பான துணைவிதியில் எழுதிவிடுங்கள். விதி இல்லாத இடத்தில் ஒருவரைப் போகச் சொல்வது அவமதிப்பாகத் தோன்றும். விதி இருந்தால் அது வெறும் முறை.

இந்த விதி முதன்மையாகத் தேவைப்படுவது பாதையைத் தொடங்கியவர்களுக்காகத்தான் என்பதைச் சொல்லக் கூச்சமாக இருந்தாலும் சொல்லியாக வேண்டும். கனவு கண்டவரும் அதை நடத்திக் காட்டுபவரும் பெரும்பாலும் வெவ்வேறு ஆட்கள். அப்பலாச்சியன் நடைவழி என்ற எண்ணத்தை 1921இல் எழுதி முன்வைத்தவர் பென்டன் மெக்காய். தூரமானி பொருத்திய சைக்கிள் சக்கரத்தை உருட்டிக்கொண்டு பாதை முழுவதையும் நடந்து அளந்து, 1931 முதல் 1952 வரை அந்த நடைவழி அமைப்பின் தலைவராக இருந்து, 1937இல் அது முழுமையடையக் காரணமாக இருந்தவர் மைரன் ஏவரி. மலை முகட்டில் அரசு கார்ச் சாலை போட்டபோது, சாலையை ஏற்றுக்கொண்டு பாதையை நகர்த்திப் போடலாம் என்றார் ஏவரி. கூடவே கூடாது என்றார் மெக்காய். அத்தோடு இருவருக்கும் இடையிலான தொடர்பு முறிந்தது. இருவரில் யார் பக்கம் நியாயம் என்பதில் எனக்கு இன்றும் தெளிவில்லை. ஆனால் பாதை முழுமையடைந்தது, ஏனெனில் அதற்குள் அது எந்த ஒருவருடைய சொத்தாகவும் இல்லாமல் பல சங்கங்கள் கூடி முடிவெடுக்கும் அமைப்பாக ஆகியிருந்தது.

ஒன்பது பேரைத் தேர்ந்தெடுக்கும்போது ஒன்பது நடையர்களைத் தேர்ந்தெடுத்துவிடாதீர்கள். கணக்குப் படிக்கத் தெரிந்தவர் ஒருவர், நிலப் பத்திரங்களோடு பழக்கமுள்ளவர் ஒருவர், சைக்கிள் ஓட்டுபவரோ குதிரையேறுபவரோ பாதையில் வருவதுண்டு என்றால் அவர்கள் தரப்பிலிருந்து ஒருவர், எல்லாவற்றுக்கும் மேலாகப் பாதையோரம் குடியிருப்பவர் ஒருவர் கட்டாயம் வேண்டும். இந்தக் கடைசி நபர் கூட்டங்களில் முகம் சுளித்துக்கொண்டு அமர்ந்திருப்பார்; வண்டிகள் தன் வாசலை மறித்து நிறுத்தப்படுவதைப் பற்றியே பேசுவார். பாதைக்கு எதிராக முறையீடு எழும்பி வளர்வதற்குள் அது குழுவின் காதுக்கு எட்டுவது அவர் மூலமாகத்தான்.

கோரம், அதாவது கூட்டம் செல்வதற்கு வந்திருக்க வேண்டிய குறைந்த அளவு உறுப்பினர், எத்தனை என்பதைப் பலர் வாய்பாடாக எழுதிவிட்டுப் போய்விடுகிறார்கள். ஒன்பது பேரில் ஐவர் வந்தால் கூட்டம் செல்லும், வந்தவர்களில் பெரும்பான்மை போதும் என்று விதி இருந்தால், மூன்றே பேர் கையுயர்த்தி ஒரு தீர்மானத்தை நிறைவேற்றிவிடலாம். புதர் வெட்டும் நாளைக் குறிப்பதற்கு மூவர் போதும். நிலம் வாங்க, கடன் பெற, பாதையின் ஒரு பகுதியை நிரந்தரமாக மூட, துணைவிதியைத் திருத்தப் போதாது. இந்த நான்குக்கும், வந்தவர்களில் பெரும்பான்மை என்று இல்லாமல், மொத்த உறுப்பினர்களில் பெரும்பான்மை, அதாவது ஐந்து வாக்குகள் வேண்டும் என்று தனியாக எழுதிவைக்க வேண்டும். துணைவிதித் திருத்தத்துக்கு மூன்றில் இரண்டு பங்கு கேட்பதும் பொருத்தமே.

கூட்டமும் அதன் குறிப்பும்

கூட்டப் பொருள் ஒரு வாரத்துக்கு முன் எல்லோர் கையிலும் இருக்க வேண்டும் என்பதும், அதில் இல்லாத பொருளின் மேல் பணம் தொடர்பான முடிவு எடுக்கக் கூடாது என்பதும் எல்லோரும் அறிந்தவை. நான் அழுத்திச் சொல்ல விரும்புவது கூட்டக் குறிப்பைப் பற்றி.

எங்கள் பாதையில் ஓடை ஒன்றைக் கடக்கும் சிறு மரப்பாலம் இருந்தது. அதன் பலகைகள் இற்றுக்கொண்டிருப்பதாக நடப்பவர் ஒருவர் எழுதித் தெரிவித்தார். அந்த மாதக் கூட்டக் குறிப்பில், ‘பாலம் குறித்துப் பேசப்பட்டது, விரைவில் போய்ப் பார்ப்பது என முடிவாயிற்று’ என்று நான்தான் எழுதினேன். அடுத்த மாதமும் ஏறத்தாழ அதே வரி. மூன்றாம் மாதம் கூட்டம் நடக்கவில்லை. நான்காம் மாதம், ஒரு பெண்மணியின் கால் பலகையை முறித்துக்கொண்டு முழங்கால் வரை உள்ளே இறங்கியது. எலும்பு முறியாமல் சிராய்ப்போடு தப்பினார். அன்றிரவு குறிப்பேட்டைத் திறந்து என் கையெழுத்தையே படித்தபோது, அந்த வரியில் யாருடைய பெயரும் இல்லை, எந்தத் தேதியும் இல்லை என்பதைக் கண்டேன். ‘முடிவாயிற்று’ என்று எழுதியிருந்தேனே தவிர, அங்கே முடிவு எதுவும் இருக்கவில்லை. அதைவிட மோசமானது, பழுது எங்களுக்குத் தெரியும் என்பதற்கு அந்தக் குறிப்பே சாட்சியாக இருந்தது. தெரியாமல் இருந்தது ஒரு குற்றம் என்றால், தெரிந்தும் வாளாவிருந்தது அதைவிடப் பெரிய குற்றம். வழக்கு என்று வந்தாலும் முதலில் எழும் கேள்வி இதுதான்.

அதே வரியை இப்போது எழுதினால் இப்படி எழுதுவேன்: ‘4ஆம் கிலோமீட்டர் ஓடைப் பாலத்தில் மூன்று பலகைகள் இற்றுள்ளதாக 6ஆம் தேதி தகவல் வந்தது. பாலம் இன்றே மூடப்படும். தடுப்பும் அறிவிப்பும் வைப்பவர் பராமரிப்புப் பொறுப்பாளர். அவர் 12ஆம் தேதிக்குள் பாலத்தை ஆய்வு செய்து செலவு மதிப்பீட்டைப் பொருளாளரிடம் தருவார். சேம நிதியிலிருந்து செலவிட முன்மொழிந்தவர், வழிமொழிந்தவர் பெயர்கள் கீழே. ஆதரவு 6, எதிர்ப்பு 0, வாக்களிக்காதவர் 1.’ என்ன, யார், எப்போதுக்குள், எந்தப் பணத்தில் என்ற நான்கும் அமைந்தால் அது தீர்மானம். யார் என்ன வாதாடினார்கள் என்பதைக் குறிப்பில் எழுத வேண்டியதில்லை. எழுதினால் அடுத்த கூட்டத்தின் பாதி நேரம், ‘நான் அப்படிச் சொல்லவில்லை’ என்பதில் போய்விடும். கூட்டம் முடிந்த மூன்று நாட்களுக்குள் குறிப்பு எல்லோரையும் அடைய வேண்டும். ஒவ்வொரு கூட்டமும் முந்தைய கூட்டத்தின் பெயர்களையும் தேதிகளையும் வாசிப்பதிலிருந்தே தொடங்க வேண்டும். சங்கடமான பத்து நிமிடங்கள்தான். ஆனால் இரண்டு மூன்று கூட்டங்களுக்குப் பிறகு வேலைகள் தேதிக்குள் முடியத் தொடங்கும்.

இரண்டு கூட்டங்களுக்கு இடையில் அவசரம் நேர்ந்தால் பாதையை மூடும் அதிகாரத்தைத் தலைவருக்கோ பராமரிப்புப் பொறுப்பாளருக்கோ முன்கூட்டியே தீர்மானம் போட்டுக் கொடுத்துவையுங்கள். மூடுவதற்கு ஒருவர் போதும். மீண்டும் திறப்பதற்கு, சரிசெய்யப்பட்டதை நேரில் பார்த்த இருவரின் கையெழுத்து வேண்டும்.

பணம்

காசோலையிலோ இணையவழிப் பரிமாற்றத்திலோ இருவர் ஒப்புதல் இல்லாமல் பணம் வெளியே போகக் கூடாது. அந்த இருவரில் எவரும் அல்லாத மூன்றாம் உறுப்பினர் ஒருவர், வங்கிக் கணக்கு அறிக்கையை மாதந்தோறும் நேரடியாக வங்கியிடமிருந்து பெற்றுப் பொருளாளரின் கணக்கோடு ஒப்பிட வேண்டும். ‘நம் பொருளாளரைச் சந்தேகப்படுகிறோமா?’ என்று யாராவது கட்டாயம் கேட்பார்கள். இந்த ஏற்பாடு பொருளாளருக்குத்தான் முதல் பாதுகாப்பு. ஒருநாள் ரசீது ஒன்று காணாமல் போகும்போது அவர் தனியாக நிற்க வேண்டியிராது.

நன்கொடையை வாங்கும்போதே, அது பொதுச் செலவுக்கா, குறிப்பிட்ட ஒரு வேலைக்கா என்று எழுதி வாங்குங்கள். இருக்கை போடக் கொடுத்த பணத்தை எடுத்து வடிகாலுக்குச் செலவிட்டால், வடிகால் எவ்வளவு அவசியமாக இருந்திருந்தாலும், கொடுத்தவரின் நம்பிக்கையும் பல நாடுகளில் சட்டமும் மீறப்படுகின்றன. மானியம் தருபவர்களில் பலர், தன்னார்வலர் உழைத்த மணிநேரங்களுக்கு மதிப்புப் போட்டு அதை அமைப்பின் பங்களிப்பாக ஏற்றுக்கொள்வதுண்டு. ஆகவே ஒவ்வொரு வேலை நாளிலும் பெயர், வந்த நேரம், போன நேரம், செய்த வேலை ஆகியவற்றை ஒரு தாளில் கையெழுத்தோடு வாங்கிவைப்பது, நடைமுறையில் பணத்தை எண்ணிவைப்பதற்குச் சமம்.

கட்டுவதற்கு மானியம் கிடைக்கும். பேணுவதற்கு எளிதில் கிடைக்காது. இதைப் புதிய குழுக்கள் பட்டுத்தான் அறிகின்றன. 25 ஆண்டு தாங்கும் என்று மதிப்பிட்ட பாலத்தைத் திறந்த அன்றே, அதை மாற்றுவதற்கான செலவில் 25இல் ஒரு பங்கை ஆண்டுதோறும் தனிக் கணக்கில் ஒதுக்கத் தொடங்க வேண்டும். விலைவாசி ஏறும் என்பதால் அந்தத் தொகையையும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை உயர்த்த வேண்டும். ஒதுக்க வழியில்லை என்று பொருளாளர் சொன்னால், அந்தப் பாலத்தைக் கட்ட நமக்கு வசதியில்லை என்றே பொருள். மானியம் இலவசமாகக் கிடைக்கிறதே என்ற வாதம் இங்கே செல்லாது.

பாதை புகழ்பெறுவதும் செலவுதான். இங்கிலாந்தின் முதுகெலும்பு போன்ற மலைகளின் வழியே சுமார் 430 கிலோமீட்டர் செல்லும் பென்னைன் நடைவழி 1965இல் திறக்கப்பட்டது. மட்கிய தாவரங்கள் நீரில் ஊறிக் கிடக்கும் கரிசேற்று நிலத்தில் ஆயிரக்கணக்கான கால்கள் மிதித்து, சேற்றைத் தவிர்க்க விரும்பியவர்கள் ஓரமாக ஒதுங்கி நடந்து, பாதை அகன்று அகன்று புண்ணாகியது. பின்னர் இடிக்கப்பட்ட நெசவாலைகளின் தளக் கற்களைக் கொண்டுவந்து பரப்பிப் பல பகுதிகளைக் காப்பாற்ற வேண்டியிருந்தது. பாதை அரிப்பைப் பற்றி முடிவெடுக்கும் உறுப்பினர், பொறியியல் படிக்காதவராக இருந்தாலும், ஓர் அடிப்படையை அறிந்திருப்பது நல்லது: மலைச்சரிவில் செல்லும் பாதையின் ஏற்றம், அந்தச் சரிவின் சாய்வில் பாதிக்கு மேல் போனால், மழைநீர் பாதையைக் குறுக்கே கடந்து போகாமல் பாதையின் வழியாகவே ஓடத் தொடங்கும். சராசரி ஏற்றத்தை 10 விழுக்காட்டுக்குள் வைப்பது பாதை அமைப்போர் பின்பற்றும் நடைமுறை. இதை மீறி அமைந்த ஒரு துண்டில் ஆண்டுதோறும் சரளை கொட்டுவதற்குப் பணம் கேட்டு வருபவரிடம், ஒரேயடியாகப் பாதையை மாற்றிப் போட என்ன செலவாகும் என்ற மதிப்பீட்டையும் சேர்த்துக் கொண்டுவரச் சொல்லுங்கள்.

உறுப்பினர் ஒருவரோ அவருடைய உறவினரோ ஒப்பந்த வேலை எடுப்பவராக இருந்தால், அதை அவர் கூட்டத்தில் அறிவித்துவிட்டு, அந்தப் பொருள் விவாதிக்கப்படும்போது அறையை விட்டு வெளியே போக வேண்டும்; போனதும் திரும்பி வந்ததும் குறிப்பில் ஏற வேண்டும். சிறிய ஊர்களில் மண் தோண்டும் இயந்திரம் வைத்திருப்பவர் ஒரே ஒருவராகவும், அவரே குழுவில் இருப்பவராகவும் இருப்பதுண்டு. அவரிடம் வேலை கொடுப்பதில் தவறில்லை, வேறிடத்தில் விலை கேட்ட கடிதம் கோப்பில் இருந்தால்.

பாதையில் நடப்பவர்களுக்கான விதிகள்

பொதுவளங்களை மக்கள் தாமாகவே எப்படிப் பேணுகிறார்கள் என்பதைப் பல நாடுகளில் ஆராய்ந்து, 2009இல் பொருளாதாரத்துக்கான நோபெல் பரிசு பெற்ற எலினோர் ஆஸ்ட்ரம், நீடித்து நின்ற ஏற்பாடுகளில் பொதுவாகக் கண்ட சில கூறுகளை எடுத்துரைத்தார். விதியால் பாதிக்கப்படுபவர்கள் அதை மாற்றுவதில் பங்குபெறுவது, கண்காணிப்பவர்கள் பயனாளிகளுக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டிருப்பது, தண்டனை முதல் தவறுக்கு இலேசாகவும் மறுமுறை கூடுதலாகவும் படிப்படியாக அமைவது ஆகியவை அவற்றுள் அடங்கும். இவற்றைப் பாதைக் குழு அப்படியே எடுத்துக்கொள்ளலாம். நாயைக் கட்டிக் கூட்டிவராதவரிடம் முதல்முறை பேச்சோடு நிறுத்திக்கொண்டால் அவர் அடுத்த முறை கயிற்றோடு வருவார். முதல்முறையே அபராதம் என்று அச்சடித்த பலகையைக் காட்டினால், பலகையை உடைக்க ஆள் வருவார்கள்.

விதிகளைக் குறைவாக வைத்துக்கொள்ளுங்கள். சைக்கிள்காரர் நடப்பவருக்கு வழிவிட வேண்டும், இருவரும் குதிரைக்கு வழிவிட வேண்டும் என்பது பல பயனர்கள் பகிர்ந்துகொள்ளும் பாதைகளில் பரவலாக உள்ள முறை. மின்சார சைக்கிளை அனுமதிப்பதா, இரவில் மூடுவதா, போட்டி ஓட்டங்களுக்குப் பாதையைக் கொடுப்பதா என்ற கேள்விகள் வரும்போது, முடிவெடுப்பதற்கு முன் வெளிப்படையாக ஒரு பொதுக்கூட்டம் நடத்துங்கள். அங்கே குழு உறுப்பினர்கள் பதில் சொல்லிக்கொண்டிருக்காமல், குறிப்பெடுத்துக்கொண்டு மட்டும் அமர்ந்திருப்பது பெரும்பாலும் நல்லது.

தன்னார்வலரும் பொறுப்பும்

தன்னார்வலர் என்பதால் சட்டப் பொறுப்பு இல்லை என்று எண்ணுவது தவறு. அமெரிக்காவில் 1997ஆம் ஆண்டின் தன்னார்வலர் பாதுகாப்புச் சட்டம், இலாப நோக்கற்ற அமைப்புக்காகத் தன் பொறுப்பின் எல்லைக்குள் செயல்படும் தன்னார்வலரைச் சாதாரணக் கவனக்குறைவுக்கான வழக்குகளிலிருந்து காக்கிறது. ஆனால் மிகையான அலட்சியத்தையும், மோட்டார் வாகனம் ஓட்டும்போது நேர்ந்த தீங்கையும் அது காப்பதில்லை, அமைப்பையும் காப்பதில்லை. மற்ற நாடுகளில் நிலைமை வேறாக இருக்கும். ஆகவே பொதுப் பொறுப்புக் காப்பீடு, நிர்வாகிகளின் முடிவுகளுக்கான காப்பீடு, வேலை நாளில் காயமுறுபவருக்கான விபத்துக் காப்பீடு ஆகிய மூன்றும் தனித்தனியானவை என்பதை அறிந்து, ஒவ்வொன்றிலும் எது விலக்கப்பட்டிருக்கிறது என்ற பகுதியை முதலில் படியுங்கள். மரம் அறுக்கும் இயந்திரத்தைப் பயிற்சிச் சான்று இல்லாத எவர் கையிலும் கொடுக்காதீர்கள், அவர் முப்பது ஆண்டு அனுபவம் சொன்னாலும் கூட.

பாதை முழுவதையும் குறிப்பிட்ட கால இடைவெளியில் நடந்து பார்த்து, பாலம், கைப்பிடி, சாய்ந்த மரம், அறிவிப்புப் பலகை ஆகியவற்றின் நிலையை ஒரே படிவத்தில் எழுதிக் கையெழுத்திட்டுக் கோப்பில் சேர்க்க வேண்டும். நிறைவேற்ற முடியாத இடைவெளியை விதியில் எழுதிவிடாதீர்கள். வாரந்தோறும் என்று எழுதிவிட்டு மாதந்தோறும் நடப்பதைவிட, மாதந்தோறும் என்று எழுதி அதைத் தவறாமல் செய்வதே உங்களைக் காக்கும்.

கைமாற்றம்

பதவி மாறும்போது கொடுக்கப்படுவது பெரும்பாலும் ஓர் அட்டைப் பெட்டியும் வாழ்த்தும் மட்டுமே. எந்தச் சாவி எந்தக் கதவுக்கு, வங்கிக் கணக்கில் கையெழுத்து மாற்றப்பட்டதா, இணையக் கணக்குகளின் கடவுச்சொற்கள் யாருடைய சொந்தத் தொலைபேசி எண்ணோடு இணைக்கப்பட்டிருக்கின்றன, காப்பீடு எந்த மாதம் புதுப்பிக்கப்பட வேண்டும், அரசுப் பதிவுக்கான ஆண்டறிக்கைக்கு எது கடைசி நாள் என்று ஒரு பட்டியல் எழுதி, கொடுப்பவரும் வாங்குபவரும் கையெழுத்திட்டுக்கொள்ள வேண்டும். மின்னஞ்சல் முகவரி பதவியின் பெயரில் இருக்க வேண்டும், ஆளின் பெயரில் இருக்கக் கூடாது.

பட்டியலில் எழுத முடியாதவையும் உண்டு. நான் விலகியபோது, எனக்குப் பின் செயலராக வந்தவரோடு பாதையை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நடந்தேன். நிலப் பதிவேடு அவர் கையில் இருந்தது. ஒவ்வொரு துண்டின் எல்லையிலும் நின்று, இது யாருடைய நிலம், இவரிடம் எப்போது பேச வேண்டும், எதைப் பேசக் கூடாது என்று சொல்லிக்கொண்டே வந்தேன்; அவர் பக்க ஓரத்தில் பென்சிலால் குறித்துக்கொண்டார். ஓடைப் பாலத்தை அடைந்ததும் அவர் குனிந்து, புதிய பலகைகளை ஒவ்வொன்றாகக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்துவிட்டு, தேதியைக் கேட்டு எழுதிக்கொண்டார்.